‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்வது எப்படி: நோய் நெருக்கடியில் மக்களிடம் பேசுவதற்கான கையேடு

ஒரே தொட்டியிலிருந்து குடிநீர் வரும் பகுதியில், மாலைக்குள் 40 பேர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலராவா இல்லையா என்று உறுதிசெய்யும் ஆய்வக முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். தண்ணீரில்தான் கோளாறா, எல்லோரும் ஒரே விருந்தில் சாப்பிட்டவர்களா என்பதுகூடத் தெரியாது. இந்த நேரத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது, “முடிவு வரட்டும், உறுதியாகத் தெரிந்ததும் சொல்லிக்கொள்ளலாம்” என்பதுதான். பிறகு சரிசெய்யவே முடியாத தவறுகள் பல இந்த எண்ணத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அந்த 40 பேரின் வீடுகளுக்கும் விஷயம் தெரியும். அவர்களின் அக்கம்பக்கத்தாருக்கும் தெரியும். இரவு உணவுக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று விதமான காரணம் சுற்றிவரும். நீங்கள் வாய் திறக்கும்போது மக்கள் கேட்கும் முதல் கேள்வி “என்ன நோய்?” என்பதாக இருக்காது, “இது உங்களுக்கு எப்போதே தெரியும், ஏன் சொல்லவில்லை?” என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

மருத்துவமனை, சுகாதாரத் துறை, உள்ளாட்சி, தன்னார்வக் குழு என்று எங்கிருந்தாலும் சரி, நோய் பரவும்போது மக்கள் முன் நின்று பேச வேண்டியவர்களுக்கானது இந்தக் கையேடு. பாதிக்கப்பட்டவர்கள் 40 பேரானாலும் 40 லட்சம் பேரானாலும் முறை பெரிதாக மாறுவதில்லை.

முதல் அறிவிப்பு

ஏதோ கோளாறு என்று தெளிவான ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் அறிவிப்பு வெளியாக வேண்டும். அதில் ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும்: தெரிந்தது, தெரியாதது, தெரியாததை அறிய என்ன செய்துகொண்டிருக்கிறோம், அதுவரை நீங்கள் என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது பேசுவோம். மேலே சொன்ன நிலைமைக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

“இன்று மாலை 6 மணி வரை, வடக்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் பெறும் தெருக்களைச் சேர்ந்த 40 பேர் கடும் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். 6 பேர் படுக்கையில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். யாரும் இறக்கவில்லை. வீட்டில் சிறு குழந்தைகளோ முதியவர்களோ இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கவலை தரும் என்று எங்களுக்குப் புரிகிறது.

என்ன கிருமி என்று இன்னும் தெரியவில்லை. தண்ணீரால்தான் வந்ததா என்பதும் உறுதியாகவில்லை. தொட்டியிலும் 5 வீட்டுக் குழாய்களிலும் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முதல் முடிவு நாளை மாலை வரும்.

அதுவரை குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்தே நடந்துகொள்ளுங்கள். குடிக்க, சமைக்க, பல் துலக்க, குழந்தைக்குப் பால் மாவு கலக்க, எல்லாவற்றுக்கும் கொதிக்க வைத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். நன்றாகக் கொப்பளித்துக் கொதிக்கத் தொடங்கிய பிறகு 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள்.

இன்றிரவு 10 மணிக்கு மறுபடியும் பேசுவோம். புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் பேசுவோம். எங்கள் ஆலோசனை நாளை மாறலாம். மாறினால் ஏன் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.”

வாய்விட்டுப் படித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் இல்லாத ஒன்றையும் பாருங்கள். “பீதியடைய வேண்டாம்”, “நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது”, “வதந்திகளை நம்பாதீர்கள்” என்ற மூன்று வாக்கியங்களும் இல்லை. முதலாவது, பீதியடையக் காரணம் இருக்கிறது என்று காதில் விழும். இரண்டாவது பெரும்பாலும் பொய். மூன்றாவது, கேட்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

இரவு 10 மணிக்குப் பேசுவதாகச் சொல்லிவிட்டுத் தவறினால், அன்று எழுதிய மற்ற எல்லா வரிகளும் வீண். மக்களால் உங்கள் நுண்ணுயிரியல் அறிவைச் சோதித்துப் பார்க்க முடியாது. சொன்ன நேரத்துக்கு வந்தீர்களா என்பதைச் சோதிக்க முடியும். அதை வைத்துத்தான் எடை போடுவார்கள். நிறைவேற்ற முடியாத நேரத்தைச் சொல்லாதீர்கள்; சொன்னால் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் நில்லுங்கள்.

தாமதம் பெரும்பாலும் ஒப்புதல் வாங்குவதில்தான் வருகிறது. இரவு 8 மணிக்கு யார் கையெழுத்திட வேண்டும், அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். மருத்துவ உண்மையைச் சரிபார்க்க ஒருவர், வெளியிட அனுமதிக்க ஒருவர் என இரண்டு கையெழுத்துக்கு மேல் வைத்தால் முதல் அறிவிப்பு மறுநாள்தான் வரும். தண்ணீர், உணவு நஞ்சு, புதுக் காய்ச்சல், தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பு ஆகிய நான்குக்கும் எண்களும் இடமும் மட்டும் காலியாக விட்ட அறிவிப்பு வரைவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்

2003-இல் சார்ஸ் பரவியபோது பெய்ஜிங் நகரம் 37 நோயாளிகள் என்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 20 அன்று அந்த எண் ஒரே அடியாக 339 ஆனது. நாட்டின் சுகாதார அமைச்சரும் நகரத்தின் மேயரும் பதவி இழந்தார்கள். நோயாளிகள் அன்று திடீரென்று பெருகவில்லை. எண் மட்டும்தான் பெருகியது. அப்படி ஒரு தாவலுக்குப் பிறகு அரசு சொல்லும் அடுத்த எண்ணை யார் நம்புவார்கள்? அந்த அனுபவத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட நோய்ப்பரவல் தொடர்பு நெறிமுறைகளில், நம்பிக்கை, சீக்கிரம் அறிவித்தல், ஒளிவுமறைவின்மை ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன.

பொய் சொல்லாமலேயே நம்பிக்கையைத் தொலைக்கும் வழி ஒன்று உண்டு: அளவுக்கு மீறி ஆறுதல் சொல்வது. பிரிட்டனில் மாடுகளுக்கு மூளையை அரிக்கும் பிஎஸ்இ நோய் பரவியபோது, மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1990 மே மாதத்தில் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்கள் முன் தன் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்டக்கூட முயன்றார். 1996 மார்ச் 20 அன்று, மனிதருக்கு வந்த புதுவகை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரிட்டனில் அந்த நோயால் 170 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000-இல் வெளியான விசாரணை அறிக்கை, ஆறுதல் பிரச்சாரமே தவறு என்று எழுதியது. “இதுவரை மனிதருக்கு வந்ததற்குச் சான்று இல்லை, வரவே வராது என்று எங்களால் சொல்ல முடியாது, ஆகவே இந்த இந்த உறுப்புகளை உணவிலிருந்து நீக்குகிறோம்” என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், 1996-இல் வந்த செய்தி மோசமான செய்தியாக மட்டும் இருந்திருக்கும். மக்களுக்குத் துரோகமாகத் தெரிந்திருக்காது.

“சான்று இல்லை” என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாளுங்கள். தேடிப் பார்த்துக் கிடைக்காததும் ‘சான்று இல்லை’, இன்னும் தேடவே இல்லாததும் ‘சான்று இல்லை’. கேட்பவர் இரண்டையும் ‘ஆபத்து இல்லை’ என்றே எடுத்துக்கொள்கிறார். எது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்: “200 பேரைச் சோதித்தோம், எவரிடமும் இல்லை” அல்லது “இதை இன்னும் யாரும் ஆராயவில்லை.”

அறிவுரை மாறும்போது

கோவிட் காலத்தில் உலக அளவில் நம்பிக்கை அடி வாங்கிய இடம் இது. 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் தலைமை மருத்துவர் ஜெரோம் ஆடம்ஸ், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அது பயன் தராது, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்குக் கிடைக்காமல் போனால் எல்லோருக்கும் ஆபத்து என்ற பொருளில் பதிவிட்டார். ஏப்ரல் 3 அன்று அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் எல்லோரும் துணிக் கவசம் அணியச் சொன்னது. மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், ‘உண்மை’ என்ற தலைப்பிட்டு, கோவிட் காற்றில் பரவுவது அல்ல என்று அடித்துச் சொன்னது. 2021-இல் அதே நிறுவனத்தின் பக்கங்கள், காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் பரவும் என்று எழுதின.

புதுநோயில் அறிவு வளர வளர அறிவுரை மாறத்தான் வேண்டும். மக்களும் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். அவர்களால் பொறுக்க முடியாதவை வேறு இரண்டு. அரைகுறைச் சான்றை முழு உறுதியோடு சொன்னது ஒன்று. இருப்புப் போதாது என்ற நடைமுறைக் காரணத்தைப் பயன் இல்லை என்ற மருத்துவக் காரணத்தோடு குழப்பியது மற்றொன்று. “எனக்குப் பயன்படாத கவசம் செவிலியருக்கு மட்டும் எப்படிப் பயன்படும்?” என்று சாதாரண மனிதர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. “கவசம் உதவக்கூடும். இப்போது போதுமான அளவு இல்லை. நோயாளியின் அருகில் நிற்பவர்களுக்கு முதலில் கொடுக்கிறோம். உங்களுக்கும் கிடைக்கும்வரை இதைச் செய்யுங்கள்” என்று சொல்லியிருந்தால் விட்டுக்கொடுக்கப் பலர் தயாராக இருந்திருப்பார்கள்.

அறிவுரையை மாற்றும்போது பழையதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதை ஒட்டாதீர்கள். பழைய படம் யாராவது ஒருவர் கைப்பேசியில் இருக்கும். “செவ்வாய்க்கிழமை வரை இப்படிச் சொன்னோம். அப்போது எங்களிடம் இருந்த தகவல் இது. நேற்று இந்தப் புதுத் தகவல் கிடைத்தது. ஆகவே இன்று முதல் இப்படிச் செய்யுங்கள். முன்பு சொன்னபடி செய்தவர்கள் இப்போது செய்ய வேண்டியது இது” என்ற வரிசையில் சொல்லுங்கள். கடைசி வரியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நேற்றுவரை உங்கள் பேச்சைக் கேட்டு நடந்தவர்களைத்தான் அந்த மறதி நடுத்தெருவில் நிறுத்துகிறது.

எண்களைச் சொல்லும் முறை

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக் குழாயில் உறைகட்டி உருவாகும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரித்தது. ‘இரட்டிப்பு’, ‘100 சதவீதம்’ என்ற சொற்கள் செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தன. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து 7,000-இல் இருவருக்கு ஆகியிருந்தது, அவ்வளவுதான். பயந்து பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13,000 அளவுக்குக் கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிட்டார்கள். கர்ப்பத்தால் உறைகட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆகவே ‘இரு மடங்கு’ என்று மட்டும் எப்போதும் சொல்லாதீர்கள். “முன்பு 7,000-இல் 1, இப்போது 7,000-இல் 2” என்று இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். கீழே வரும் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 800-இல் 1, 1,500-இல் 1 என்று மாற்றி மாற்றிச் சொன்னால், 1,500 பெரிய எண் என்பதால் அதுதான் பெரிய ஆபத்து என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு என்பதும் வேண்டும். ஓராண்டிலா, ஆயுள் முழுவதுமா? எல்லோருக்குமா, 60 வயதைக் கடந்தவர்களுக்கா?

‘மிக அரிது’ என்ற சொல்லை நம்பி இருக்காதீர்கள். மருந்துத் துறையில் அதற்கு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று பொருள். வீட்டில் கேட்பவருக்கு அது எதுவாகவும் இருக்கலாம். சொல்லோடு எண்ணையும் சேருங்கள்.

பரிசோதனை முடிவுகளில் ஒரு பொறி இருக்கிறது. 1,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய் என்று கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேரைத் தவறாகக் காட்டும் சோதனையை எல்லோருக்கும் செய்தால், நோய் உள்ள 9 பேரோடு நோய் இல்லாத 50 பேரும் பாசிட்டிவ் ஆவார்கள். அதாவது பாசிட்டிவ் என்று வந்த 59 பேரில் 50 பேருக்கு நோய் இல்லை. இதை முன்பே சொல்லாமல் பெரும்திரள் பரிசோதனை தொடங்கினால், மறுசோதனையில் நெகட்டிவ் வந்த ஒவ்வொருவரும் ‘இந்தச் சோதனையே மோசடி’ என்று சொல்ல ஒரு காரணத்தோடு வீட்டுக்குப் போவார்கள். முதல் நாளே சொல்லிவிட்டால், “ஆமாம், இப்படி வரும் என்றார்களே” என்பார்கள்.

தடுப்பூசி முகாமுக்கு முன் போட வேண்டிய கணக்கு

1976 அக்டோபரில் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டம் தொடங்கிச் சில நாட்களில், பிட்ஸ்பர்க் நகரில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் இறந்தார்கள். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பு இல்லை என்று தெரிவதற்குள் பல மாநிலங்கள் முகாம்களை நிறுத்திவிட்டன. முதியவர்களுக்கு லட்சக்கணக்கில் ஊசி போட்டால் அடுத்த நாட்களில் சிலர் வேறு காரணங்களால் இறக்கத்தான் செய்வார்கள். அதை முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கணக்கு எளிது. ஆண்டுக்கு 100-இல் 5 பேர் இயல்பாகவே இறக்கும் வயதுப் பிரிவில் 1,00,000 பேருக்கு ஊசி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊசியே இல்லாவிட்டாலும் ஆண்டில் 5,000 பேர், வாரத்துக்கு 96 பேர் அளவில் இறப்பார்கள். மாரடைப்பு, பக்கவாதம், கருச்சிதைவு ஆகியவற்றுக்கும் இப்படிப் போட்டு வைத்து, முகாம் தொடங்கும் முன்பே வெளியிடுங்கள். நடந்த பிறகு சொன்னால் சமாளிப்பாகத்தான் தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து எல்லாவற்றையும் ‘தற்செயல்’ என்று தள்ளிவிடக் கூடாது. அதே 1976 திட்டத்தில், ஊசி போட்டவர்களில் நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும் கியான்–பாரே என்ற நோய் லட்சத்துக்கு ஒருவர் அளவில் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டம் நின்றது. இறப்புச் செய்தி வந்தால், “ஊசிக்குப் பிறகு இறந்திருக்கிறார், ஊசியால் இறந்தாரா என்று தனிக் குழு ஆராய்கிறது, இந்த நாளில் முடிவு வெளியாகும்” என்று சொல்லுங்கள். ஆராயும் முன்பே ‘தொடர்பில்லை’ என்று சொல்லும் அதிகாரி, பிறகு உண்மையாகவே தொடர்பில்லை என்று தெரிந்தாலும் தோற்றுப்போவார். இறந்தவர் வீட்டுக்கு அறிவிப்புக்கு முன் ஒருவர் நேரில் போக வேண்டும். தங்கள் அம்மாவின் சாவைப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் ஓர் எண்ணாகக் கேட்கக் கூடாது.

நம்பிக்கை ஒரு தடுப்பூசியோடு நின்றுவிடுவதில்லை. பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்கு தடுப்பூசி போட்ட பிறகு, 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அதனால் நோய் கடுமையாகும் ஆபத்து உண்டு என்று அறிவித்தது. தடுப்பூசிகள் முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015-இல் 93 சதவீதம். 2018-இல் 32 சதவீதம். 2019-இல் அந்நாட்டில் தட்டம்மை பெரிதாகப் பரவியது. டெங்கு ஊசியில் விழுந்த கீறல் தட்டம்மை ஊசிவரை நீண்டுவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்பதைச் செய்யக்கூடிய அளவுக்குச் சொல்லுங்கள்

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, ஆரம்பச் சுவரொட்டிகள் சில, எபோலா கொல்லும், அதற்கு மருந்து இல்லை என்றன. இரண்டும் அன்றைக்கு உண்மைதான். ஆனால் மருந்தே இல்லாத இடத்துக்கு நோயாளியை ஏன் அனுப்ப வேண்டும் என்று வீட்டார் நியாயமாகவே முடிவெடுத்தார்கள். பயத்தைச் சொன்னார்கள், வழியைச் சொல்லவில்லை. “சீக்கிரம் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவாது” என்று செய்தி பிறகு மாறியது. இறந்தவர்களை அடக்கம் செய்வதிலும் அப்படியே. உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் வந்து உடலைத் தூக்கிச் சென்றபோது மக்கள் உடல்களை ஒளித்தார்கள். குடும்பமும் மதத் தலைவர்களும் தொடாமல் பங்கேற்கும் விதமாக 2014 நவம்பரில் அடக்க முறையை உலக சுகாதார நிறுவனம் மாற்றி எழுதியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, கினியாவில் வோமே என்ற கிராமத்துக்கு விழிப்புணர்வுக்காகப் போன குழுவில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். அவநம்பிக்கை அந்த அளவுக்கு முற்றியிருந்தது.

மறுபடியும் நம் குடிநீர்த் தொட்டிக்கு வருவோம். ‘தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்பது அறிவுரையில் கால்வாசிதான். தொலைபேசியில் வரும் கேள்விகள் இப்படி இருக்கும்: ஃப்ரிட்ஜில் நேற்று வைத்த ஐஸ்கட்டி? வடிகட்டிக் கருவி இருக்கிறதே, போதாதா? பாத்திரம் கழுவலாமா? குளிக்கலாமா? காலையிலேயே பால் மாவில் கலந்து குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன், என்ன செய்வது?

கடைசிக் கேள்வி கேட்பவர் குற்ற உணர்வில் இருப்பார். தொலைபேசியை எடுப்பவர் முன்னால் இந்தப் பதில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்: “அறிவிப்பு வரும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கலந்த பாலைக் கொட்டிவிடுங்கள், பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். தாய்ப்பால் கொடுத்தால் நிறுத்த வேண்டாம். பேதி ஆனாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கண் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ காத்திருக்காமல் கொண்டுவாருங்கள்.” ஐஸ்கட்டியைக் கொட்டச் சொல்லுங்கள். வீட்டு வடிகட்டிகள் பல கிருமியை முழுதாக நிறுத்தாது என்பதால் வடிகட்டினாலும் கொதிக்க வையுங்கள் என்று சொல்லுங்கள். தண்ணீர் வாய்க்குள் போகாமல் பெரியவர்கள் குளிக்கலாம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரானால் 1 நிமிடம் போதாது, 3 நிமிடம் கொதிக்க வேண்டும். கரைசல் என்றால் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோளாறு கிருமியால் அல்ல, இரசாயனக் கலப்பால் என்று சந்தேகம் இருந்தால் அறிவுரை அடியோடு வேறு: கொதிக்க வைத்தால் இரசாயனம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அப்போது ‘எதற்கும் பயன்படுத்தாதீர்கள்’ என்று சொல்லி, மாற்றுத் தண்ணீர் எங்கே எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அடுப்புக்கு எரிபொருள் இல்லாதவரிடம் கொதிக்க வைக்கச் சொல்வதும், நாள் கூலிக்குப் போகிறவரிடம் 14 நாள் வீட்டில் இருக்கச் சொல்வதும் அறிவுரை ஆகாது. கூடவே உதவி வராவிட்டால் அதைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

வதந்திகள்

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மூடவும் முயல வேண்டாம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கத் தொடங்குங்கள். லைபீரியாவில் எபோலா காலத்தில் ‘டே சே’ என்ற ஏற்பாடு இருந்தது. அந்நாட்டுப் பேச்சு ஆங்கிலத்தில் ‘சொல்லிக்கிறாங்க’ என்று பொருள். களத்தில் இருந்தவர்கள் காதில் விழுந்த வதந்தியைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார்கள். அவை தொகுக்கப்பட்டு, பதில்களோடு உள்ளூர் ஊடகங்களுக்குப் போகும். உங்களுக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு நோட்டுப் போதும்: எந்த நாள், எந்தப் பகுதி, அவர்கள் சொன்ன அதே சொற்களில் வதந்தி, எத்தனை இடத்தில் கேட்டது, நம்பினால் என்ன கெடுதல், யார் பதில் சொல்வது.

ஒரே ஒரு குழுவில் மட்டும் சுற்றும் அற்ப வதந்திக்குப் பத்திரிகையாளர் கூட்டத்தில் பதில் சொன்னால் நீங்கள்தான் அதை ஊர் முழுக்கப் பரப்புவீர்கள். பல இடங்களில் கேட்டாலோ, உயிருக்குக் கேடு செய்யும் என்றாலோ உடனே பதில் சொல்லுங்கள். குளோரின் மாத்திரை மலட்டுத்தன்மை தரும் என்று பேச்சு கிளம்பியிருந்தால், “குளோரின் மலடாக்கும் என்பது பொய்” என்று தலைப்பு வைக்காதீர்கள். மனதில் நிற்பது முதல் பாதிதான். “இந்த மாத்திரை தண்ணீரிலுள்ள கிருமியைக் கொல்கிறது, 20 லிட்டருக்கு எத்தனை என்று உறையில் இருக்கிறது, அதற்கு மேல் போட வேண்டாம்” என்று உண்மையில் தொடங்குங்கள். இடையில் ஒரே ஒரு முறை வதந்தியைச் சொல்லி, அது ஏன் தவறு என்று விளக்குங்கள். மறுபடி உண்மையில் முடியுங்கள்.

நோட்டில் எழுதியவற்றைத் திருப்பிப் பார்த்தால் பல வதந்திகள் பொய்களே அல்ல, பதில் கிடைக்காத கேள்விகள் என்று தெரியும். ‘மருத்துவமனைக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள்’ என்பது, உள்ளே இருப்பவரைப் பார்க்க முடியாத வீட்டாரின் தவிப்பு. அதற்கு மறுப்பு அறிக்கை எதற்கு? தினமும் மாலை ஒரு வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

யார் பேசுவது

மேலிருந்து ஒருவர், களத்தில் பலர். அறிவிப்பு பத்திரிகைக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பாவது செவிலியர், வீடு வீடாகப் போகும் பணியாளர், குடிநீர் ஊழியர் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்த ஐந்தாவது நிமிடத்தில் மக்கள் அவர்களிடம்தான் கேட்பார்கள். “எனக்கே தெரியாது, நானும் டிவியில்தான் பார்த்தேன்” என்று ஒரு செவிலியர் சொன்னால் அன்றைய கூட்டம் முழுக்கப் பாழ்.

அரசியல் பொறுப்பில் இருப்பவர் நிதி, உதவி, முடிவு ஆகியவற்றைச் சொல்லட்டும். நோயைப் பற்றிய கேள்வியை மருத்துவரிடம் விடட்டும். காதுகேளாதோருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் திரையில் தெரியும்படி நிற்க வேண்டும். அந்தப் பகுதியில் பேசப்படும் எல்லா மொழிகளிலும் ஒரே நேரத்தில் அறிவிப்பு வர வேண்டும். ஒரு மொழிக்கு மறுநாள் வந்தால் அந்த மக்களுக்கு உங்கள் மதிப்பீடு என்ன என்று புரிந்துவிடும். நோயை ஓர் ஊரின் பெயராலோ சமூகத்தின் பெயராலோ அழைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015 முதல் இதைத் தவிர்க்கச் சொல்லிவருகிறது. நோயாளியின் தெருவைச் சொல்ல வேண்டியிருந்தாலும் வீட்டைச் சொல்லாதீர்கள்.

தவறு நேர்ந்தால்

குடிநீர்க் குழாயில் கசிவு இருப்பதாக இரண்டு வாரம் முன்பே புகார் வந்திருந்தது என்று மூன்றாம் நாள் தெரியவருகிறது. இதைப் பத்திரிகை கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். “புகார் 14 நாள் முன்பு வந்தது. நாங்கள் நடவடிக்கை எடுக்கவில்லை. அது எங்கள் தவறு. நோயுற்றவர்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். குழாய் இன்று காலை சரிசெய்யப்பட்டது. ஏன் கவனிக்கப்படவில்லை என்ற விசாரணையின் முடிவை இந்த நாளில் வெளியிடுவோம்.” ‘தவறு நடந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள்; தவறு தானாக நடப்பதில்லை. ‘யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால்’ என்ற பூசி மெழுகலும் வேண்டாம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஏற்பட்டது மனவருத்தம் அல்ல.

நோய் அடங்கும்போது பேச்சும் தேய்ந்து நின்றுவிடுவது வழக்கம். அதை விடக் கூடாது. கொதிக்க வைக்கச் சொன்ன அதே ஒலிபெருக்கி, அதே வாட்ஸ்அப் குழு, அதே பணியாளர் வழியாகத் ‘தண்ணீர் இனிப் பாதுகாப்பானது’ என்ற செய்தியும் போக வேண்டும். எத்தனை இடத்தில், எத்தனை நாள் தொடர்ந்து எடுத்த மாதிரிகள் சுத்தமாக வந்தன என்று சொல்லுங்கள். எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்றவும், மேல்நிலைத் தொட்டியைக் கழுவவும், வடிகட்டியின் உள்பாகத்தை மாற்றவும் சொல்லுங்கள். விசாரணை முடிவை வெளியிடுவதாகச் சொன்ன நாளில், கேட்க வந்தவர்கள் நாலே பேர் என்றாலும், முழுதாகப் படித்துக் காட்டி ஒரு பிரதியைத் தொட்டியின் அடியில் ஒட்டிவையுங்கள்.